அறுபதைத் தாண்டினால் இழுக்க மறுக்கும் பழைய மாருதி 800: எங்கே தொடங்கிப் பார்ப்பது?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த மாருதி 800 இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா வைத்திருந்தது, மாமா கொடுத்தது, ஓட்டிப் பழகலாம் என்று குறைந்த விலைக்கு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அந்த வண்டிகளைப் பற்றி அதிகம் காதில் விழும் புகார் இதுதான்: "ஸ்டார்ட்டிங் சூப்பர், ஐட்லிங் நல்லா நிக்குது, ஊருக்குள்ள ஒரு குறையும் இல்ல. பைபாஸ்ல ஏறி அறுபதைத் தாண்டினா மட்டும் இழுக்க மாட்டேங்குது."

இதைச் சொல்லி வண்டியை விட்டால் முதலில் பிளக் மாறும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். அடுத்து ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், அடுத்து பெட்ரோல் பம்ப். ஏதோ ஒன்றில் சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம். கடையில் நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தெரியாது. நியூட்ரலில் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அதற்கு லோடு இல்லை. லோடு இல்லாத எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் காற்றும் போதும். பாதி அடைத்த ஃபில்டர் வழியாகக்கூட அது வந்துவிடும். அதனால் இந்த நோயை ரோட்டில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் வண்டியை ஓட்டுகிற நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இழுவை எப்போது போகிறது, எப்படிப் போகிறது என்று சரியாகக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்ற பழைய கார்புரேட்டர் கார்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். எடுத்துக்காட்டாக 800-ஐ வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கையோடு தொடங்குவோம். இது 796 சிசி, 3 சிலிண்டர், 37 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஏற்காடு மலையில் டாப் கியரில் ஏறவில்லை என்றால் அது கோளாறு இல்லை, சுபாவம். சமதரையில், ஏசி இல்லாமல், இரண்டு பேரோடு நல்ல 800 அலட்டிக்கொள்ளாமல் தொண்ணூறு போகும், நூறையும் தொடும். உங்கள் வண்டி அந்த நிலையில் அறுபது, எழுபதிலேயே மூச்சு வாங்கினால் மேலே படியுங்கள்.

முதலில், குற்றவாளி எஞ்சின்தானா?

டயரில் காற்று சரியாக வைத்துவிட்டு, காலியான ரோட்டில் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். ஓரமாக நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். தொட வேண்டாம், அருகே போனாலே தெரியும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பாதி இழுத்தபடியே நிற்பது இந்த வயது வண்டிகளில் சகஜம்.

அடுத்து கிளட்ச். நான்காம் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறி, வண்டியின் வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. எஞ்சின் பவரைக் கொடுக்கிறது, சக்கரத்துக்குத்தான் போகவில்லை. கிளட்ச் பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளே (இறுக்கம் பிடிக்கும் முன் வரும் வெற்று அசைவு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேபிளைச் சரிசெய்யுங்கள். அப்போதும் ஸ்லிப் ஆனால் பிளேட் தேய்ந்துவிட்டது.

மிதியடியையும் ஒருமுறை பாருங்கள். ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் தடிமனான மேட் சுருண்டு கிடந்து, பெடலை முழுசாக இறங்க விடாமல் செய்வதும் உண்டு. சிரிக்க வேண்டாம்.

ரோட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது ஒரு நோட்டையோ, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். நெரிசல் இல்லாத நேரம், இடது ஓரம், பின்னால் லாரி இல்லாத இடம்.

இழுவை போவது எஞ்சினின் சுற்றோடு சேர்ந்தா, வண்டியின் வேகத்தோடு சேர்ந்தா? 800-இல் ஆர்.பி.எம் மீட்டர் கிடையாது. ஆனால் கியரை வைத்தே கணக்குப் போடலாம். நான்கு கியர் வண்டியில், மூன்றாம் கியரில் அறுபதில் போகும்போது எஞ்சின் சுற்றும் வேகமும், நான்காம் கியரில் ஏறக்குறைய தொண்ணூறில் போகும்போது சுற்றும் வேகமும் ஒன்றுதான். எனவே மூன்றாம் கியரிலேயே அறுபது வரை இழுத்துப் பாருங்கள். மூன்றாம் கியரில் நாற்பத்தைந்திலும், நான்காம் கியரில் அறுபத்தைந்து, எழுபதிலும் ஒரே மாதிரி மடங்கினால் கோளாறு எஞ்சின் சுற்றைப் பின்தொடர்கிறது. பாயிண்ட் (ஸ்பார்க் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச்), அட்வான்ஸ் (சுற்று ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு), வால்வு, சைலன்சர் பக்கம் சந்தேகம் போகட்டும். மூன்றாம் கியரில் சுகமாகச் சுற்றி ஏறி, நான்காம் கியரில் முழுசாக மிதிக்கும்போது மட்டும் மடங்கினால் லோடுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பெட்ரோல் போதாமை, பலவீனமான ஸ்பார்க், கார்புரேட்டரின் இரண்டாவது வாய் (கீழே விளக்கியிருக்கிறேன்) ஆகிய மூன்றும் முன்னுக்கு வரும்.

உடனே போகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா? மிதித்த நொடியிலேயே இல்லை என்றால் காற்று, டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), சைலன்சர். முதல் இரண்டு கிலோமீட்டர் அருமையாகப் போய், பிறகு மெல்ல மெல்ல வடிந்தால் பெட்ரோல். கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை வண்டி ஓடும். வருகிற பெட்ரோல் செலவுக்கு ஈடுகொடுக்காதபோது காயத் தொடங்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகே வந்தால் காயிலையும், பெட்ரோல் லைன் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் போவதையும் சந்தேகப்படுங்கள்.

எப்படிப் போகிறது? இதுதான் நான்கில் முக்கியமான கேள்வி. "டக்... டக்" என்று வெட்டி வெட்டி இழுத்தால், சைலன்சரில் படபடவென்று வெடித்தால் பெரும்பாலும் ஸ்பார்க். வெட்டு இல்லாமல், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் மெதுவாகச் சோர்ந்தால், காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது கொஞ்சம் தேறினால் பெட்ரோல். வெட்டும் இல்லை, தேறுவதும் இல்லை, எப்போதுமே மந்தம் என்றால் டைமிங், சைலன்சர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தம்).

நின்றுவிட்டுக் கிளம்பினால் சரியாகிறதா? ஐந்து நிமிடம் ஓரம் கட்டி, மறுபடி கிளம்பும்போது புது வண்டி மாதிரி போய், அதே தூரத்தில் மறுபடி படுத்துவிட்டால், டேங்குக்குள் குப்பை கிடக்கிறது என்று ஏறக்குறைய பந்தயமே கட்டலாம். பம்ப் இழுக்க இழுக்க அந்தக் குப்பை உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டும். எஞ்சினை நிறுத்தினால் இழுப்பு நின்று, குப்பை அடியில் போய் உட்காரும். ஒரு வண்டியில் டேங்கைக் கழற்றியபோது வந்தது, கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றியபோது உள்ளே விழுந்த நகம் அளவு பிளாஸ்டிக் தாள். அதற்கு முன்பே அந்த வண்டிக்குப் புது கார்புரேட்டரே வாங்கிப் போட்டிருந்தார்கள்.

சோக் இழுத்துப் பார்ப்பது

காசு செலவில்லாத, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இழுவை போய்க்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில், ஆக்சிலேட்டரை எடுக்காமல், சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலை அதிகமாக்கும் குமிழ்) கால்வாசி இழுங்கள். வண்டி சட்டென்று தேறி முன்னே பாய்ந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகிப் புகை விட்டால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃப்ளோட் மட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் பெட்ரோல் பக்கத்தை ஒத்திவைத்துவிட்டு ஸ்பார்க்குக்குப் போகலாம். பார்த்து முடித்ததும் சோக்கை உள்ளே தள்ள மறக்க வேண்டாம்.

வண்டியில் கேஸ் கிட் இருந்தால் இதைவிட நல்ல சோதனை கையில் இருக்கிறது. பெட்ரோலில் மடங்கும் வண்டி எல்.பி.ஜி-யில் நன்றாகப் போனால் பெட்ரோல் லைனும் கார்புரேட்டரும்தான் குற்றவாளிகள். இரண்டிலும் மடங்கினால் அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் எல்.பி.ஜி-யில் மட்டும் வெட்டுவது ஸ்பார்க் பலவீனத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம், கேஸைக் கொளுத்த ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். கிட் போட்டபோது பெட்ரோல் லைனில் சேர்த்த, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வையும் நினைவில் வையுங்கள். பெட்ரோல் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். கிட் பயன்பாட்டில் இல்லாமல் பல வருடம் ஆன வண்டிகளில்கூட அந்த வால்வு அங்கேயே பிசின் பிடித்து உட்கார்ந்திருக்கும்.

பெட்ரோல் வரும் வழி

இங்கே கை வைக்கும் முன்: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும், சிகரெட், ஊதுபத்தி, மஞ்சள் பல்பு எதுவும் பக்கத்தில் கூடாது. வாயால் பெட்ரோலை உறிஞ்சும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள். இழுவை போனவுடன் ஓரம் கட்டி மூடியைத் திறக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டால், டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த ஏதோ ஒரு மூடியைப் போட்ட வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து ஃபில்டர். விலை குறைவு, சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆனால் கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல், பெட்ரோல் உள்ளே வரும் பக்கமாகத் தலைகீழாகக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். காப்பிப் பொடி போலச் சிவந்த தூள் விழுந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. புது ஃபில்டரும் சீக்கிரமே அடைக்கும்.

ரப்பர் ஹோஸ்களை விரலால் நசுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இளகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். 2023-இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. இந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்து ரப்பர் அதற்கானதல்ல. எத்தனால் பழைய டேங்கில் படிந்திருந்த பிசினையும் கிளப்பிவிடும். போதாக்குறைக்கு, அளவு மாறாத ஜெட் (பெட்ரோல் பாயும் நுண்துளை) வைத்த கார்புரேட்டரில் கலவையைக் கொஞ்சம் மெலியவும் வைக்கும். ஏற்கெனவே பாதி அடைத்திருந்த மெயின் ஜெட் அதுவரை சமாளித்துக்கொண்டிருந்து, இப்போது தெரியத் தொடங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். ஹோஸுக்கு வெளிப்புறம் நன்றாகத் தெரிந்தாலும் உள்தோல் உரிந்து கதவு மாதிரி தொங்கலாம். மெதுவாக ஓடும்போது ஒதுங்கி வழிவிடும், வேகமாக இழுத்தால் வழியை மூடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பம்ப், ஹெட்டின் பக்கத்தில் கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் மெக்கானிக்கல் பம்ப். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (வளையும் மெல்லிய தாள்) கிழிந்தால் வெளியே ஒழுகும், அல்லது பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை பலமாக அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் வண்டியை ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் மாற்றுங்கள், ரன்னிங்கில் பேரிங் போய்விடும்.

கார்புரேட்டரின் இரண்டாவது வாய்

அறுபதுக்கு மேல் மட்டும் இழுக்காத 800-இல் பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். இரண்டு வாய்கள் தெரியும். சோக் தகடு இருப்பது முதல் வாய். ஊருக்குள் ஓட்டும் வேலையெல்லாம் அதனுடையது. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது வாய், எஞ்சின் அதிகம் காற்று கேட்கும்போது மட்டும் திறக்கும். பெடல் அதை நேரடியாகத் திறப்பதில்லை. முதல் வாய் வழியே காற்று வேகமாகப் பாயும்போது உண்டாகும் வேக்வம் (வெற்றிட உறிஞ்சல்), ஒரு டயாஃப்ரத்தை இழுத்து அதைத் திறக்கிறது. டயாஃப்ரம் கிழிந்துவிட்டால் இரண்டாவது வாய் திறக்கவே திறக்காது. எஞ்சின் ஒற்றை மூக்கில் மூச்சுவிடுவது மாதிரிதான். ஐட்லிங் நன்றாக இருக்கும், ஊருக்குள் குறை தெரியாது, மைலேஜ்கூட நன்றாகக் கிடைக்கும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். முதல் வாயின் த்ராட்டில் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேபிள் நீண்டிருக்கிறது, அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடலை அப்படியே அழுத்தியபடி இருக்கச் சொல்லி, இரண்டாவது வாயின் டயாஃப்ரம் கம்பியை விரலால் தள்ளுங்கள். தகடு தடையில்லாமல் திறந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுத்து டப்பென்று மூட வேண்டும். பிசின் பிடித்து இறுகியிருந்தால் கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் போதும். பிறகு கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி, டயாஃப்ரத்துக்கு வேக்வம் வரும் வழியை விரலால் அடைத்துவிட்டுக் கம்பியை விடுங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் டயாஃப்ரம் நல்லது. தளர்ந்து திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது.

இதோடு மெயின் ஜெட்களையும் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைப்பை எடுக்கக் கம்பியோ ஊசியோ நுழைக்க வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

ஸ்பார்க்

பிளக்கைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டு வாசலில் ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் கழற்றினால் ஐட்லிங்கின் நிறம்தான் தெரியும். கோளாறு வரும் வேகத்தில் கொஞ்ச தூரம் போய், கிளட்சை மிதித்து, ஓரம் கட்டியவுடன் எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் அங்கேயே கழற்றுங்கள். ஓடும்போதே சாவியைத் திருப்பும் வித்தை வேண்டாம், ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. கரிப்பொடி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சினுக்குள்ளேயே தேய்மானம். வெளிர் பழுப்பு இருந்தால் நிம்மதி. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரை மட்டும் துரத்துங்கள்.

இரவில், வெளிச்சமில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டு, பிளக் வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீல நிறத்தில் பொறி தாவினால் வயர் போய்விட்டது. கை வைத்துவிடாதீர்கள். ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறம் பென்சில் கோடு போல மெல்லிய கருப்புக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், அது ஸ்பார்க் திருட்டு வழி. பாயிண்ட் வைத்த வண்டியில் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சுற்று ஏறும்போது சரியாக மூடாமல் மிதக்கும். மேல் வேகத்தில் மட்டும் வெட்டும்.

மூடி கழன்றிருக்கும்போதே ரோட்டரை அது சுற்றும் திசையில் கையால் கொஞ்சம் திருப்பி விடுங்கள். துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாமல் அங்கேயே நின்றால் உள்ளே இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. சுற்று ஏற ஏற ஸ்பார்க் முன்கூட்டியே விழ வேண்டும். அது நடக்காவிட்டால் மிஸ்ஸிங் இருக்காது, வெட்டு இருக்காது, வண்டி மந்தமாக மட்டும் இருக்கும், சூடும் ஏறும். இரண்டு சொட்டு மெல்லிய ஆயிலில் இது சரியான வண்டிகள் உண்டு.

வெளியே போகும் புகை

1995 ஏப்ரலில் இருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அதற்குப் பிறகு அந்த ஊர்களில் பதிவான 800 என்றால் அடியில் குனிந்து பாருங்கள். பல வருடம் மிஸ்ஸிங்கோடு ஓடிய வண்டியில், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் எரிந்து உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கி அடைத்திருக்கலாம். கன்வர்ட்டர் இல்லாத வண்டியிலும் சைலன்சரின் உள்தகடு துருப்பிடித்து விழுந்து வழியை மறைக்கும். எஞ்சின் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்.

உறுதி செய்ய வேக்வம் கேஜ் வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால், நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை அசையாமல் காட்டும். எஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 சுற்றில் அப்படியே பிடித்து வையுங்கள். முள் நிலையாக நிற்பதற்குப் பதிலாக மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை. இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யக் கூடாது.

கடைசியில் கம்ப்ரஷன்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்குள் போக வேண்டும். முதலில் டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் இடத்தில் இருக்கும் இடைவெளி. இடைவெளி இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு சூடேறியதும் முழுசாக மூடாது. சத்தமில்லாத டேப்பட் என்று சந்தோஷப்படும் வண்டிகளில்தான் இது ஒளிந்திருக்கும், குறிப்பாக எல்.பி.ஜி-யில் நெடுநாள் ஓடியவற்றில். பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி கம்ப்ரஷன் பாருங்கள். மூன்று சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் சதுர செ.மீ-க்கு 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒன்று இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்.

மூன்றும் ஒரே அளவில் கொஞ்சம் குறைவாக இருந்து, டைமிங் பெல்ட்டோ ஹெட் வேலையோ முடிந்து வந்த பிறகே இந்த மந்தம் தொடங்கியது என்றால், பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கவரைத் திறந்து பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளின் மார்க்குகளையும் நேராக வைத்துப் பார்ப்பது அரை நாள் வேலைகூட இல்லை. மெக்கானிக்கிடம் போகும்போது "பிக்கப் இல்ல" என்று மட்டும் சொல்லாமல், எந்த கியரில், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், வெட்டியா சோர்ந்தா, சோக் இழுத்தால் என்ன ஆனது என்று எழுதிய தாளைக் கொடுங்கள். கூடவே அவரையும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து அதே ரோட்டில் ஒரு ரவுண்டு போய் வாருங்கள்.